எல்லாரோடும் ஒத்துப்போகும் மீன்

மாலையில் வீடு திரும்பியதும், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், கூடத்து மூலையில் இருந்த கடல்நீர்த் தொட்டியின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவது அவளுடைய வழக்கம். உறைந்த இறால் துணுக்குகளைக் கிண்ணத்து நீரில் கரைத்து, இடுக்கியால் ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் விட்டால்தான் அன்றைய வேலை முடிந்ததாக அவளுக்குத் தோன்றும். மீன்கள் பசியாறுவதைப் பார்க்க அவள் உட்காரவில்லை. அவை போடும் சண்டையைப் பார்க்கவே உட்கார்ந்தாள்.

குடும்ப வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்தில் அவள் சமரச ஆலோசகர். பிரிந்துபோக வந்த கணவன் மனைவியரை எதிரெதிரே உட்காரவைத்து, பேசிப் பேசிக் கரைத்து, மீண்டும் ஒரே கூரையின்கீழ் அனுப்பி வைப்பது தொழில். "கொஞ்சம் ஒத்துப்போங்க" என்று பகல் முழுவதும் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறியவளுக்கு, யாரையும் சமாதானப்படுத்தும் பொறுப்பில்லாமல் ஒரு சண்டையை வேடிக்கை பார்ப்பது பெரிய இளைப்பாறுதலாக இருந்தது.

தொட்டியிலோ சண்டைக்குப் பஞ்சமில்லை. கட்டைவிரல் பருமனில் நீலநிற டாம்சல் மீன் ஒன்று. தொட்டிக்கு முதலில் வந்தவன் என்பதால் முழுத் தொட்டியும் தன் பட்டா நிலம் என்ற நினைப்பு. வால் நுனியில் பிறைபோல ஒரு கிழிசல், பழைய போர்த் தழும்பு. மகள் அவனுக்கு ரவுடி என்று பெயர் வைத்திருந்தாள். பாறைக்குப் பாறை ரோந்து போகும் மஞ்சள் டாங் மீன், இன்ஸ்பெக்டர். கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கு நடுவே குடித்தனம் நடத்திய கோமாளி மீன்கள், மேனேஜர் அம்மாவும் அவள் புருஷனும். உணவு விழுந்ததும் ரவுடி பாய்வான். இன்ஸ்பெக்டர் வாலால் அறைவார். மேனேஜர் அம்மா புருஷனைப் பின்னுக்குத் தள்ளித் தான் முந்துவாள்.

அன்று மாலை இறால் துணுக்குகள் நீரில் விழுந்தன. செந்நிறத் தூசிபோல மெல்ல இறங்கின. பாறையில் படிந்தன.

ஒரு மீனும் பாயவில்லை. எல்லாம் அருகருகே நின்றன. பிறகு, யாரோ கைகாட்டியதுபோல, எல்லாம் ஒன்றாகக் குனிந்து, ஒரே நேரத்தில் ஒரே ஒரு வாய் கொத்தி, ஒன்றாக நிமிர்ந்தன.

அவை நின்ற வரிசையின் நடுவில் புதிய மீன் இருந்தது.

அவளுக்கு முதலில் மகிழ்ச்சிதான் உண்டாயிற்று. அதை மறைப்பதற்கில்லை.

*

அந்த மீனை அவள் வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவளுடைய மகள்.

மகளுக்கு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு தொகுதி மருந்து சரியில்லை என்பது அந்தப் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சரியென்று கையெழுத்துப் போட்டார்கள். மகள் போடவில்லை. வேலை போயிற்று. அன்று இரவு உணவு மேசையில் தாய், தான் தினமும் பிறருக்குச் சொல்லும் கதையை அவளுக்கும் சொன்னாள்: ஒரு படகுக்கு இரண்டு துடுப்புகள், இரண்டும் தங்களுக்குள் சண்டை போட்டால் படகு எங்கே போகும்?

"ரெண்டு துடுப்பையும் ஒரே பக்கம் போட்டுப் பாரும்மா. படகு நின்ன இடத்துலயே வட்டம் சுத்தும்" என்றாள் மகள்.

தாய் குரலை உயர்த்தினாள். "நாலு பேரோட ஒத்துப்போகத் தெரியாதவளுக்கு எங்கயும் இடமில்லடி. இந்த வீட்லயும்தான்."

சொல் வில்லிலிருந்து புறப்பட்டுவிட்டது. மகள் பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனவள் பிறகு தாயோடு பேசவேயில்லை.

அதன்பின் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பொறி பறந்தது. மாமனாருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கணவனுக்கு மூடியிருக்க வேண்டும். அது முன்பெல்லாம் பொழுதுபோக்காக இருந்த வழக்கு. மகள் போனபின் அதில் விஷம் ஏறியது. தொட்டியிலும் அப்படியே. ரவுடி ஒருநாள் மேனேஜர் அம்மாவின் புருஷனைத் துரத்தித் துரத்திப் பாறையிடுக்கில் ஒடுக்கினான். தாய் களைத்துப்போனாள். வண்ணமீன் கடைக்குப் போனாள்.

அந்தக் கடைக்காரர் எளிதில் மீன் கொடுப்பவர் அல்லர். சம்பந்தம் பேசவந்தவரை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். "வீட்ல ஏற்கெனவே யார் யாரு? என்ன குணம்? யாரு முதல்ல வந்தது?" முன்பு ஒருமுறை அவள் இன்னொரு டாங் கேட்டபோது, "ஒரு ஸ்டேஷனுக்கு ரெண்டு இன்ஸ்பெக்டரா? காலைல ஒண்ணு மிதக்கும், பரவாயில்லையா?" என்று கடையைவிட்டே துரத்தாத குறையாக அனுப்பியவர்.

"எல்லாரோடயும் ஒத்துப்போற மாதிரி ஒரு மீன் வேணும்" என்று அவள் கேட்டாள்.

அந்தச் சொல்லுக்கு அவர் சீறியிருக்க வேண்டும். இன்னதோடு இன்னது ஒத்துப்போகும் என்றுதான் கடலில் உண்டு. எல்லாவற்றோடும் ஒத்துப்போவது என்று ஒன்றும் கிடையாது என்பது அவருடைய வேதம். அன்று அவர் தலையை இலேசாக இடப்பக்கம் சாய்த்து, "இருக்கு" என்றார்.

கடைக்கோடித் தொட்டியில் அது நின்றது. உள்ளங்கை நீளம். தேய்ந்துபோன சோப்புக்கட்டியின் நிறம். செதில் இருப்பதாகத் தெரியவில்லை. வாய் மட்டும் திறந்தது, மூடியது, திறந்தது.

"இதுக்குப் பேரு என்னங்க?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

அவள் சிரித்தாள். "அப்போ இன்னொரு டாங்கும் சேத்து விடலாமா?"

"விடலாம்."

மனிதருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். புதிய மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது அவரே அவளுக்குப் பாடமாகச் சொன்ன விதி. அன்று அவரும் அதைச் சொல்லவில்லை. அமைதிக்கு அவசரப்பட்ட அவளும் அதை நினைக்கவில்லை. வரும் வழியெல்லாம் மடியில் இருந்த பையினுள் நீர் தளும்பவே இல்லை என்பதும் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

*

புலியும் மானும் ஒரே துறையில் நீர் குடித்தால் அந்த நாட்டு அரசன் நல்லவன் என்று கதைகள் சொல்லும். புலி பசியை மறந்ததா, மான் ஓடுவதை மறந்ததா என்று எந்தக் கதையும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. தொட்டியில் அமைதி வந்தது. அதன் பின்னாலேயே வீட்டிலும் வந்தது.

கூடத்தில் ஜன்னல் பாதி திறந்திருந்தது. முழுதும் திறக்கவில்லை, முழுதும் மூடவில்லை. மாமனார் தொட்டியின் பக்கத்திலிருந்த தம் நாற்காலியில், வழக்கம்போல் வாய் பிளந்தபடி சாய்ந்திருந்தார். பம்பு எழுப்பிய குமிழிகள் நீர்ப்பரப்பில் வெடித்து, நுண்ணிய உப்புச் சாரலாக அவர் முகத்தில் படிந்துகொண்டிருந்தன. கணவன் தொட்டித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். குழாயின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, நீர் இறங்கத் தொடங்கியதும் வாளியில் விடுவது அவன் முறை. எப்போதும் ஒரு மிடறு வாய்க்குள் போய்விடும். "சீ, கருமம்" என்று துப்புவான். அன்று அவன் துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது.

"ஜன்னல் வழக்கு என்னாச்சு மாமா?" என்று அவள் கேலியாகக் கேட்டாள்.

"எப்படி இருந்தாலும் சரிதாம்மா" என்றார் மாமனார்.

"சரிதான்" என்றான் கணவன்.

காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரை முதல் கடிகாரம் காட்டும் நேரம் வரை எதையும் எதிர்த்துப் பேசியே எழுபது வயதைத் தாண்டியவர் அவர். அவள் உள்ளூர நெகிழ்ந்துபோனாள். பேத்தியின் பிரிவு கிழவரைப் பக்குவப்படுத்திவிட்டது என்று எண்ணினாள்.

ஆனால் அமைதிக்கு ஒரு மணம் இருந்தது. ஓதம் இறங்கிய கடற்கரையில் கிளிஞ்சல்கள் வெயிலில் வாய் திறந்து கிடக்கும்போது எழும் மணம். முதலில் கூடத்தில், பிறகு படுக்கையறைத் திரைச்சீலைகளில், பிறகு கணவனுடைய தலையணையில். கதவுக் கைப்பிடிகளில் வெண்ணிற உப்புப் பொருக்கு படர்ந்தது. துடைத்தால் மறுநாள் மீண்டும் படர்ந்தது. தொட்டியில் நிறங்கள் போய்க்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டரின் மஞ்சள் பழைய காகிதத்தின் மஞ்சளாகி, பிறகு காகிதமாகியது. மேனேஜர் அம்மாவின் வெள்ளைப் பட்டைகள் அழியவில்லை. பட்டைகளுக்கு இடையில் இருந்த செம்மைதான் அழிந்தது. அவளும் புருஷனும் கடல் சாமந்தியைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். ஆளில்லாத அந்தச் சாமந்தி விரல்களை அசைத்துக்கொண்டிருந்தது. பம்பின் நீரோட்டம் இடமிருந்து வலம். விரல்கள் வலமிருந்து இடம் சாய்ந்தன.

மீன்கள் வட்டமிட்டன. ஒரே பக்கம். ஒரே வேகம். தொட்டியின் நடுவில் எதையோ சுற்றுவதுபோல. ஆனால் நடுவில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் அலுவலகத்தில் ஓர் இளம்பெண், கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஒத்துப்போக முடியலைங்க. முடியலைன்னா முடியலை" என்றாள். ஆலோசகரின் நாக்கு நுனிவரை வந்த வழக்கமான சொல் அங்கேயே நின்றது. கோபத்தில் சிவந்திருந்த அந்த முகத்தின் நிறத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை சிவப்பு. தன் வீட்டில் அப்படியொரு முகத்தைக் கண்டு எவ்வளவு நாளாயிற்று என்ற நினைவு முதுகுத்தண்டில் ஈரமாக இறங்கியது.

*

அன்று இரவு உணவு மேசையில் அவள் சோதித்துப் பார்த்தாள்.

"இந்த வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்றாள். கணவன் தன் கையால் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. ஆணியடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

"வித்துடலாம்" என்றான்.

"வேணாம். விக்க வேணாம்."

"வேணாம்."

"மாமா, உங்களைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல விடப் போறேன்."

"விடும்மா."

"நான் விளையாடலை மாமா."

"விளையாடலை" என்றார் அவர். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கணவனின் தலையும் சாய்ந்திருந்தது. அதே பக்கம். அதே அளவு. இருவரும் மென்றுகொண்டிருந்தார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். தட்டுகளில் உணவு தொடப்படாமல் இருந்தது. வாய்கள் திறந்தன. மூடின. திறந்தன. அவளுக்குப் பின்னால் இருந்த தொட்டியில், கண்ணாடியை ஒட்டி, எல்லா மீன்களும் மேசையைப் பார்த்து நின்றன. அவற்றின் வாய்களும் அதே கணத்தில்.

"என்னங்க" என்றாள். "என்னோட சண்டை போடுங்க. ஒரே ஒரு வார்த்தை. என்னைத் திட்டுங்க."

கணவனின் நெற்றியில் ஏதோ ஒரு கோடு எழ முயன்றது. அவனுக்குள் யாரோ மிக ஆழத்திலிருந்து படியேறி வருவதுபோல. ஏறி வந்தவர் பாதியில் நின்றார். கோடு மறைந்தது.

"சரி" என்றான்.

*

மறுநாள் விடுமுறை. நண்பகலில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே நிழல்களே இல்லாத சாம்பல் வெளிச்சம். கைப்பேசி ஒலித்தது. மகள்.

"அம்மா, சாயந்தரம் வரேன்."

அந்தக் குரலைக் கேட்க அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள். இப்போது அது நெஞ்சில் கல்லாக விழுந்தது. "யாருடி வரச் சொன்னது?"

"அப்பாதான். தினமும் பேசறாரே, உனக்குத் தெரியாதா? நான் என்ன சொன்னாலும் ஆமாங்கறார். கையெழுத்துப் போடாதது சரிங்கறார். தாத்தாவும் சரிங்கறார். ரெண்டு பேரும் சேந்து ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டதா சரித்திரமே இல்லையேம்மா! நீ மட்டும் இன்னும் முறுக்கிட்டு இருக்கியோன்னு கேட்டேன். அம்மாவும் ஒத்துப்போவான்னார்."

"வராதே."

"இன்னும் கோவமா?"

"கோவமில்லடி. சொன்னாக் கேளு, இங்க வராதே."

"நீ சொல்லி நான் எப்பக் கேட்டிருக்கேன்?" என்று மகள் சிரிக்க முயன்றாள், அந்தச் சிரிப்பின் அடியில் அழுகை இருந்தது. "நேர்ல வந்து பேசிக்கறேன்." இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள். மகள் எடுக்கவில்லை.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள் தொட்டியை நோக்கித் திருப்பிப் போடப்பட்டிருந்தன. கணவனும் மாமனாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்றாவது நாற்காலி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் நான்காவது.

அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. பயம் அன்று, பயத்தைத் தள்ளிக்கொண்டு அதன் பின்னாலிருந்து வந்தது. என் பிள்ளைக்கு நாற்காலி போடவா பார்க்கிறீர்கள்? நடக்காது.

கடல் சாமந்தி கொட்டாமலிருக்க அவள் எப்போதும் அணியும் முழங்கை வரையிலான கையுறைகளை மாட்டிக்கொண்டாள். வலையை எடுத்தாள். வாளியை இழுத்தாள்.

"அந்த மீனை எடுத்து எறியப் போறேன்" என்றாள் உரக்க. "யாராவது தடுத்துப் பாருங்க."

"எறி" என்றார்கள் இருவரும்.

தடுத்திருந்தால் அவளுக்கு வலிமை வந்திருக்கும். இருந்தும் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். வலை நீருக்குள் இறங்கியது. மீன்கள் சிதறவில்லை. வலையின் வாயருகே வந்து வரிசையாக நின்றன. சோப்பு நிறத்தில் பெரிதாகத் தெரிந்த ஒன்றை அள்ளினாள். அது துள்ளவில்லை, வாளியில் விழும்போது ஒரே ஒருமுறை வாலைச் சுழற்றியது. தெறித்த நீர் அவள் முகத்தில் அறைந்தது. உதட்டில் உப்பு. நாக்கில் உப்பு. துப்பினாள். மறுபடி துப்பினாள்.

வாளியினுள் எட்டிப் பார்த்தாள்.

வால் நுனியில் பிறைபோல ஒரு கிழிசல்.

ரவுடி.

அவள் நிமிர்ந்தாள். தொட்டிக்குள் தேடினாள். இன்ஸ்பெக்டர் எது? மேனேஜர் அம்மா எது? கடையிலிருந்து வந்தது எது? எல்லாம் உள்ளங்கை நீளம். எல்லாம் ஒரே நிறம். எல்லாவற்றின் முகமும் ஒரே பக்கம்.

ஒன்றை எடுத்து எறிய முடியாது. அந்த ஒன்று அங்கே இல்லை. அங்கே இருந்தவை எல்லாமே அதுதான்.

*

வெளிச்சம் மங்கியது. தொட்டியின் விளக்கு வழக்கப்படி தானாகவே நீலத்துக்கு மாறியது. கூடம் கடலின் அடித்தளம்போல் ஆயிற்று. அழைப்பு மணி அடித்தது.

அவள் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மரக்கதவைத் திறந்து, வெளியே பூட்டியிருந்த கம்பிக்கதவைத் திறக்காமல், அதன் பூட்டில் இருந்த சாவியை உருவிக் கையில் இறுக்கிக்கொண்டாள். கம்பிகளுக்கு அப்பால் மகள். நனைந்த தோள்கள். கையில் பை. தலைமுடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள்.

"கதவைத் திறம்மா."

தாய் வாயைத் திறந்தாள். திறந்த வாய் உடனே மூடிக்கொண்டது. மீண்டும் திறந்தது. அவள் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. பின்னால் கூடத்திலிருந்து வந்த பம்பின் தாளத்தில்.

ஓ, என்று எண்ணினாள். உதட்டில் தெறித்த அந்த ஒரு துளி.

அப்போதே அவளுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. மகளோடு சேர்ந்து இந்தப் படியிறங்கி ஓட முடியாது. ஓடினால் இது தன்னோடு வரும். இன்னும் எவ்வளவு நேரம் தன் நாக்கு தன்னுடையதாக இருக்கும் என்று தெரியவில்லை. அதற்குள் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

கம்பிகளை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். "கேளுடி. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. ஒத்துப்போகாதவளுக்கு இடமில்லைன்னு சொன்னேனே, அது பெரிய தப்பு. ஊருக்கெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, பெத்த பொண்ணுக்கும் சொல்லிட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்ட இடத்துல நீ ஒருத்தி போடலை பாரு, அதுக்கு நான் உன்னைக் கும்பிட்டிருக்கணும். வெளிய அனுப்பிட்டேன். என்னை மன்னிச்சுடு."

மகள் ஓர் அடி பின்வாங்கினாள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "நீயுமா?" என்றாள் மெதுவாக. "அப்பா மாதிரியே பேசறே. நீ இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எனக்கு பயமா இருக்கும்மா. நீ எங்கம்மாதானா?"

தாய்க்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், வயிற்றின் அடியிலிருந்து உண்மையான சிரிப்பு.

"உன் தலைமுடியை எவடி இப்படிக் கொதறி வெச்சது? எலி கடிச்ச துடைப்பம் மாதிரி இருக்கு! மழையில குடை எங்க? உன் துடுப்பு உதாரணமும் தப்புதான். ரெண்டையும் ஒரே பக்கம் போட்டாலும் திருப்பித் திருப்பிப் போட்டு ஓட்டத் தெரிஞ்சவ ஓட்டிடுவா, தெரியுமா?"

மகளின் கண்கள் நிறைந்தன. "இது எங்கம்மாதான்" என்றாள். கம்பிகளின் வழியே கையை நீட்டினாள்.

தாய் அந்தக் கையைத் தொடவில்லை. தன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "தொடாதே. போயிடு. அப்பா கூப்பிட்டா எடுக்காதே. தாத்தா கூப்பிட்டா எடுக்காதே. நானே கூப்பிட்டு அன்பாப் பேசினா, கண்டிப்பா எடுக்காதே. புரியுதா?"

"புரியலை. என்ன நடக்குதும்மா? மாட்டேன், நான் போக மாட்டேன். கதவைத் திற."

"என்னை மன்னிச்சுடு" என்றது ஒரு குரல்.

தாயின் குரல். ஆனால் தாய் பேசவில்லை. அது அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. கணவனின் தொண்டையிலிருந்தும் மாமனாரின் தொண்டையிலிருந்தும் ஒன்றாக. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கும்பிட்டிருக்கணும். மன்னிச்சுடு. உள்ள வா."

மகள் தாயின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கையிலிருந்த பை நழுவிப் படியில் விழுந்தது.

"எங்கம்மாதான்னு சொன்னியே, எனக்கு அது போதும், நீ சண்டைக்காரியாவே இரு" என்றாள் தாய். "ஓடு!"

வாழ்நாளில் முதல்முறையாக மகள் அவள் சொல்லைக் கேட்டாள். நனைந்த தெருவில் ஓடும் காலடிகள். தூரத்தில். இன்னும் தூரத்தில். பிறகு மழை மட்டும்.

சாவியைக் கம்பிகளின் வழியே, கை எட்டாத தொலைவுக்கு, மழைநீர் ஓடும் சாக்கடைக்குள் வீசினாள். மரக்கதவைச் சாத்தினாள். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு திரும்பினாள்.

நீல வெளிச்சத்தில் இருவரும் நின்றார்கள். தலைகள் சாய்ந்திருந்தன. அவர்களுக்குப் பின்னால் தொட்டிக் கண்ணாடியை ஒட்டி, வரிசையாக, அவை.

"நான் ஒத்துப்போக மாட்டேன்" என்றாள்.

"ஒத்துப்போக மாட்டேன்" என்றார்கள்.

"உங்களோட ஒரு நாளும் மாட்டேன்."

"ஒரு நாளும் மாட்டேன்."

அவள் சொன்னதற்கெல்லாம் அவர்கள் சம்மதித்தார்கள். அவள் மறுப்பதற்கும் சம்மதித்தார்கள். அப்படியானால், என்று பல்லைக் கடித்தாள், அப்படியானால் நான் என்னோடும் ஒத்துப்போக மாட்டேன். ஜன்னல் திறந்திருக்கணும் என்றாள். மூடியிருக்கணும் என்றாள். மணி ஆறு. இல்லை, ஏழு. மழை நின்றுவிட்டது. பொய், பெய்கிறது. தனக்குத் தானே எதிர்வழக்காடியபடி, தன் சொல்லைத் தானே வெட்டியபடி, அவர்களுடைய வாய்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஒரு கணம், ஒரே ஒரு கணம், தாளம் தவறுவதைக் கண்டாள்.

கணவனின் நெற்றியில் கோடு எழுந்தது.

"வாங்க" என்று கத்தினாள். "மேல வாங்க! என்னைத் திட்டுங்க!"

கோடு நடுங்கியது. நின்றது. மெல்ல அமிழ்ந்தது. தாளம் திரும்பியது.

பம்பு முணுமுணுத்தது. வாய்கள் திறந்தன. மூடின. அவளுடைய தாடை தானாகக் கீழிறங்கியது. இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விரல் எலும்புகள் வெளுக்கும்வரை, வாயைப் பொத்தினாள். தலையை வலப்பக்கம் திருப்பி, கழுத்து நரம்புகள் புடைக்க, வலப்பக்கமே பிடித்துக்கொண்டாள். மாட்டேன். கண்களில் நீர் முட்டியது; இமைக்க மறுத்தாள். மாட்டேன்.

உள்ளங்கைகளுக்கு அடியில் அவளுடைய உதடுகள் திறந்தன. மூடின. திறந்தன.